பத்தாவது ஆள்

1

நான் குடியிருக்கும் கட்டடத்துக்கு, லிஃப்ட்டுக்குள் இருக்கும் பொத்தான்களின்படி, பதினான்கு மாடி. படியேறி எண்ணினால் பதின்மூன்றுதான் வரும். பன்னிரண்டுக்கு அடுத்த மாடிக்குப் பதினான்கு என்று எழுதிவிட்டார்கள். பதின்மூன்று இங்கே ராசியில்லாத எண்ணாம். வந்த புதிதில் இதை மேலாளரிடம் சொன்னேன். அந்த அம்மாள் சிரித்தாள். கணக்கில் பொய் எழுதிவிட்டுச் சிரிக்கிறார்களே என்று எனக்கு அன்று முழுக்க மனசு ஆறவில்லை.

டொராண்டோவின் வட பகுதி இது. வருடத்தில் ஐந்து மாதம் வெளியே கால் வைக்க முடியாது. வழுக்கி விழுந்தால் இடுப்பு போய்விடும். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். அதனால் கட்டடத்துக்குள்ளேயே நடக்கிறேன். ஒவ்வொரு மாடியிலும் நடைவழியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, பிறகு படியிறங்கி அடுத்த மாடி. மாடிக்குப் பன்னிரண்டு கதவு. மொத்தம் நூற்று ஐம்பத்தாறு. அவற்றில் பதினோரு கதவுகளில், வலது பக்க நிலையில், ஆள்காட்டி விரல் நீளத்தில் ஒரு சின்னப் பெட்டியைச் சாய்வாக அடித்திருக்கிறார்கள். முதலில் அழைப்பு மணி என்று நினைத்தேன். அமுக்கிப் பார்த்தேன், அடிக்கவில்லை.

எண்ணுவது என் பழக்கம். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் டைம் ஆபீசில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். ஷிஃப்டுக்கு ஷிஃப்டு மில் பஸ் வந்து நிற்கும். இறங்குகிற ஆட்களை விரலை நீட்டி எண்ணி உள்ளே விடுவேன். ஒரு ஆள் குறைந்தால் எந்த ஊர் ஆள், எந்த மெஷின் நிற்கும் என்று சொல்லிவிடுவேன். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள என்று மகன் செந்தில் எங்கள் இருவரையும் இங்கே கூட்டிவந்தான். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். மகன் வேலை நிமித்தம் குடும்பத்தோடு மிசிசாகா போய்விட்டான். காரில் ஒரு மணி நேரம். நாங்கள் இந்த வீட்டிலேயே இருந்துகொண்டோம். மூன்று வருடத்துக்கு முன் என் மனைவி கனகம் இங்கே இறந்துபோனாள். இப்போது இந்த வீட்டில் நான் ஒருவன்.

போன வெள்ளிக்கிழமை அவளுடைய திதி. அதற்கு நான்கு நாள் முன்பு, திங்கட்கிழமை சாயங்காலம், நான் ஒரு தப்பு செய்தேன். அதைச் சொல்ல வேண்டுமானால் மோரிஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். மோரிஸைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் யூதர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம்ம ஊரில் எனக்குத் தெரிந்த யூதர்களெல்லாம் பைபிளில் வருகிறவர்கள்தான். மில்லில் எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்த அருள்தாஸ் சொல்லக் கேட்டது. அவர்கள் இன்னும் இருக்கிறார்கள், என் எதிர்வீட்டில் குடியிருக்கிறார்கள் என்பது எழுபது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது.

2

கனகம் உயிரோடு இருந்தபோது நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், இருட்டிய பிறகு, எங்கள் கதவை யாரோ தட்டினார்கள். மணி இருக்க ஏன் தட்டுகிறார்கள் என்று போய்த் திறந்தேன். எதிர்வீட்டுக் கிழவர். கறுப்புக் கோட்டு, உச்சந்தலையில் ஒரு சின்ன வட்டத் தொப்பி. என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். பெயர் மோரிஸ் என்றார்.

மோரிஸ் பேசுவது ஆங்கிலம். ஆனால் அவர் பேச்சு என் காதுக்குள் நம்மூர்ப் பேச்சாகத்தான் இறங்குகிறது. அப்படியே எழுதுகிறேன்.

"எங்க வீட்டு அடுப்படி ரொம்ப இருட்டா இருக்கு," என்றார்.

"அப்படியா?" என்றேன்.

"ரொம்ப இருட்டு."

"பல்பு போயிருச்சா?"

"பல்பு நல்லா இருக்கு."

அதற்குமேல் சொல்லாமல் நின்றார். எனக்குக் கோபம் வந்தது. உள்ளிருந்து கனகம் கேட்டாள். "யாருங்க அது?"

"எதிர்வீட்டுக்காரர். இருட்டா இருக்காம்."

"அதுக்கு வாசல்ல நின்னு வழக்காடுறீங்களா? போயி என்னான்னு பாருங்க. பாவம், ஒத்தைக்கட்டை."

போனேன். அடுப்படி வாசலில் நின்று மோரிஸ் சொன்னார். "செத்த நேரம் உக்காந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போறீங்களா? என்ன ஒண்ணு, கப்பு இருக்குற இடம் உங்களுக்குத் தெரியாது."

நான் சுவரில் இருந்த விளக்கைப் போட்டேன். உடனே அவர் முகம் தெளிந்தது. "பாத்தீங்களா, உங்களுக்குத் தேவைன்னு நீங்களே போட்டுக்கிட்டீங்க. நான் ஒண்ணும் சொல்லல."

பிறகுதான் விளங்கியது. வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததிலிருந்து சனிக்கிழமை வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிகிறவரைக்கும் அவர்களுக்கு ஓய்வு நாள். சபாத் என்கிறார்கள். ஆண்டவன் ஆறு நாள் உலகத்தைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தான், அதனால் அன்று படைக்கிற காரியம் எதுவும் கிடையாது. தீ மூட்டக் கூடாது. விளக்கைப் போடுவதும் அணைப்பதும் தீ மூட்டுகிற கணக்கில் சேர்ந்துவிட்டது. சமையல் முதல் நாளே முடிந்து சூட்டில் வைத்திருக்கும். பணத்தைத் தொடக் கூடாது, எழுதக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. மற்றவனைச் செய்யச் சொல்லவும் கூடாது. இருட்டாக இருக்கிறது என்று பொதுவாக வருத்தப்படலாம், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் நானாகவே போய் எதிர்வீட்டில் டீ குடிக்க உட்கார்ந்துவிடுவேன். எந்த விளக்கு எனக்குத் தேவைப்படும் என்று எனக்கே தெரிந்துவிட்டது.

3

மோரிஸ் எனக்கு மதப் பிரசங்கம் செய்ததில்லை. அவர்கள் ஆள் பிடிப்பதில்லை. "நானும் சேந்துக்கலாமா?" என்று ஒருநாள் விளையாட்டாகக் கேட்டேன். "உங்களுக்கென்ன கிறுக்கா? உங்களுக்கெல்லாம் ஏழு கட்டளைதான். கொல்லாதே, திருடாதேன்னு ஏழே ஏழு. அதை வச்சுக்கிட்டு நிம்மதியா இருங்க. எங்களுக்கு அறுநூத்திப் பதிமூணு," என்றார்.

அறுநூற்றுப் பதின்மூன்று! எனக்கு அந்த எண் பிடித்துப்போனது. செய் என்பது இருநூற்று நாற்பத்தெட்டு, செய்யாதே என்பது முந்நூற்று அறுபத்தைந்து. கூட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது. பதின்மூன்றை மறைக்காத ஜனங்கள் என்று ஒரு மரியாதை வந்தது.

கடவுள் ஒருவர்தான், உருவம் கிடையாது, படமும் கிடையாது. கதவு நிலையிலுள்ள சின்னப் பெட்டிக்குள் தோல்தாளில் கையால் எழுதிய வாசகம் இருக்கிறது. 'கேள், ஆண்டவன் ஒருவனே' என்று தொடங்குமாம். வீட்டுக்குள் போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொள்கிறார் மோரிஸ். தோரா என்கிற அவர்களுடைய வேதத்தைப் பெரிய தோல்சுருளில் எழுதி, துணி உடுத்தி, பெட்டகத்துக்குள் வைத்திருக்கிறார்கள். வாரம் ஒரு பகுதி என்று வருடம் முழுக்க வாசிக்கிறார்கள். கடைசி வரி முடிந்த அன்றைக்கே மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்துவிடுகிறார்கள். ஏன் அவ்வளவு அவசரம் என்று கேட்டேன். "ஒரு நாள் விட்டா முடிஞ்சு போச்சுன்னு நெனச்சிருவாங்க," என்றார்.

சாப்பாட்டில்தான் எங்களுக்குள் தகராறு. பன்றி ஆகாது, புரிகிறது. ஆட்டுக்கறி உண்டு. ஆனால் கறியும் பாலும் ஒரே பந்தியில் சேரக் கூடாது. பாத்திரமே இரண்டு செட்டு, கழுவுகிற தொட்டி இரண்டு. எங்கள் ஊர் பிரியாணியின் பெருமையை நான் ஒருநாள் விவரித்தேன். சீரகசம்பா, ஆட்டுக்கறி, தொட்டுக்கொள்ளத் தயிர் வெங்காயம் என்று சொன்னதுதான் தாமதம், மோரிஸ் காதைப் பொத்திக்கொண்டார்.

"தயிரா? கறிக்கா?"

"கறிக்குள்ளயே கொஞ்சம் தயிர் ஊத்துவோம்."

"நிறுத்துங்க. ஒரே சட்டியில எத்தனை பாவம்!"

ஒன்றில் மட்டும் எங்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. அவருடைய மனைவி எஸ்தர் இறந்த நாளை அவர் ஆங்கிலத் தேதியில் அனுசரிப்பதில்லை. அவர்களுக்கு நிலாக் கணக்கு. அமாவாசை கழிந்து மாதம் பிறக்கும், பதினைந்தில் பௌர்ணமி. எஸ்தர் இறந்தது பௌர்ணமி தாண்டிய நான்காம் நாள். அது ஒவ்வொரு வருடமும் வேறு வேறு தேதியில் வரும். இதை யாருக்கு விளக்கினாலும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கேட்பார்களாம். "எங்கள்ல அதுக்குத் திதின்னு பேரு," என்றேன் நான். மோரிஸ் எனக்கு இன்னொரு கப் டீ ஊற்றினார்.

4

கனகம் இறந்தது தை மாதத் தேய்பிறை சப்தமியில். எஸ்தரின் நாளுக்கு மூன்று நாள் தள்ளி.

அப்போது ஊரிலிருந்து யாரும் வர முடியவில்லை. வடமதுரையில் என் தம்பி குடும்பம் போனில் பார்த்து அழுதது. இங்கே எல்லாம் குறித்த நேரத்தில் நடந்து குறித்த நேரத்தில் முடிந்தது. மகன் குடும்பம் நான்காம் நாள் புறப்பட்டுப் போனது. அன்று மோரிஸ் வந்தார். கையில் மூடிய தட்டு. வந்தவர் நாற்காலியில் உட்காராமல், செருப்புப் போட உட்காரும் குட்டை முக்காலியைத் தேடி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்தவர்தானே முதலில் பேச வேண்டும் என்று நானும் பேசவில்லை. அரை மணி நேரம் இரண்டு கிழவர்களும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். எழுந்து போய்விட்டார். என்ன மனிதர் இவர், ஆறுதலாக ஒரு சொல் வரவில்லையே என்று எனக்குப் பொருமலாக இருந்தது. தட்டைத் திறந்தால் அவித்த முட்டை.

மாதங்கள் கழித்துத்தான் சொன்னார். துக்க வீட்டில் துக்கப்பட்டவன் வாயைத் திறக்கிறவரை போனவன் பேசக் கூடாது, அது அவர்கள் முறை. ஏழு நாள் வீட்டார் தாழ உட்காருவார்கள், கண்ணாடியைத் துணிபோட்டு மூடுவார்கள், முதல் சாப்பாடு பக்கத்து வீட்டிலிருந்து வரும், அதில் உருண்டையாக ஏதாவது இருக்கும். "நீங்க பேசுவீங்கன்னு உக்காந்திருந்தேன், முதுகு விட்டுப் போச்சு," என்றார்.

"நீங்க பேசுவீங்கன்னு நான் உக்காந்திருந்தேன்."

இப்போது என் பேச்சுத் துணை அவர்தான். வருடாவருடம் பென்ஷனுக்காக நான் உயிரோடிருக்கிறேன் என்று சான்று அனுப்ப வேண்டும். அதில் இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டும். மோரிஸ் போடுகிறேன் என்றார். செல்லாது, அதிகாரி வேண்டும் என்று ஒரு அலுவலகத்துக்கும், அந்த அதிகாரி அவர் இல்லை என்று இன்னொரு அலுவலகத்துக்கும் அலைந்தேன். "நேர்லயே நிக்கிறாரே, மூச்சு விடுறாரே, இதுக்கு மேல என்ன வேணும்?" என்று மோரிஸ் அங்கே சண்டை போட்டார்.

செந்தில் மாதத்துக்கு ஒருமுறை வருவான். வந்தால் ஃபிரிட்ஜைத் திறந்து பார்ப்பான், மருந்து டப்பாவைப் பார்ப்பான், போனில் பதில் அனுப்பிக்கொண்டே என்னிடம் பேசுவான். பேத்தி நான் தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பேரன் அதுவும் சொல்வதில்லை. முதல் இரண்டு திதிக்கும் நான் நாள் பார்த்துச் சொல்லி மகன் வந்தான். இந்த வருடம் சொல்லவில்லை. அவனாகவே நினைவு வைத்துக் கேட்கிறானா பார்ப்போம் என்று இருந்தேன். தை பிறந்தது, பௌர்ணமி வந்தது. அவன் கேட்கவில்லை.

5

திங்கட்கிழமை எஸ்தரின் நாள் ஆரம்பம். அவர்களுக்கு நாள் பிறப்பது சாயங்காலத்தில். அன்று காலையிலிருந்தே பனி கொட்டியது. மோரிஸ் ஜெபாலயம் போக வேண்டும். தெருவைக் கடந்தால் எதிரில்தான், ஆனால் தரை கண்ணாடியாகக் கிடந்தது. நான் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனேன்.

அன்று அவர் சொல்ல வேண்டியது கதீஷ் என்கிற ஜெபம். இறந்தவர்களுக்காகச் சொல்வது. அதைத் தனியாகச் சொல்ல முடியாது. பத்து ஆண்கள் கூடியிருக்க வேண்டும். பதின்மூன்று வயது தாண்டிய யூதர்களாக இருக்க வேண்டும். பெண்களையும் சேர்த்து எண்ணுகிற ஜெபாலயங்கள் இந்த ஊரில் உண்டாம். மோரிஸின் ஜெபாலயம் பழைய பிடிவாதக்காரர்களுடையது. ஒன்பது பேர் இருந்து நாள் முழுக்க அழுதாலும் அது கதீஷ் ஆகாது.

சின்னக் கூடம். ஒரு பக்கச் சுவரில் இறந்தவர்களின் பெயர்ப் பலகை, ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு குட்டி பல்பு. அன்று எஸ்தரின் பல்பு எரிந்தது. எனக்கும் ஒரு வட்டத் தொப்பி கொடுத்தார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒவ்வொருவராகப் பனியை உதறிக்கொண்டு வந்தார்கள். எல்லாம் கிழங்கள். பொழுது சாயுமுன் சொல்லும் ஜெபத்தைத் தனித்தனியே முணுமுணுத்து முடித்துவிட்டார்கள். அதற்குத் தனியாள் போதும். இருட்டியது. அடுத்த ஜெபத்தில்தான் கதீஷ் வரும். யாரும் ஆரம்பிக்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

காத்திருப்பது எனக்கு ஆகாது. எழுந்து நின்றேன். மில் வாசலில் செய்வது போலவே விரலை நீட்டி ஒவ்வொருவரையும் குறிவைத்து, ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணினேன். மோரிஸ் ஒன்பது. கடைசியில் என் நெஞ்சைத் தொட்டு, "பத்து. ஆள் சரியாயிருச்சு, ஆரம்பிங்க," என்றேன்.

முன் பெஞ்சில் இருந்த ஒருவர் மூன்றுமுறை தூ, தூ, தூ என்று எச்சில் இல்லாமல் துப்பினார். மோரிஸ் தலையைக் குனிந்துகொண்டார். கூடத்தைக் கவனித்துக்கொள்ளும் சாமுவேல் என்பவர் என்னிடம் வந்தார்.

"ஐயா, நாங்க ஆளை எண்ண மாட்டோம்."

"எண்ணாம எப்படிப் பத்துன்னு தெரியும்?"

"பத்து வார்த்தை இருக்குற ஒரு வேத வாக்கியத்தைத் தலைக்கு ஒரு வார்த்தையா சொல்லிப் பாப்போம். இல்லாட்டி 'ஒண்ணு இல்லை, ரெண்டு இல்லை'ன்னு எண்ணுவோம். ஒரு ராசா ஜனங்களைத் தலை எண்ணினான், கொள்ளைநோய் வந்துச்சு. அன்னைலருந்து பழக்கம்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்புறம் இன்னொண்ணு. நீங்க இதுல சேத்தி இல்லை. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது. எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் உட்கார்ந்த பிறகு காது சுட்டது. முப்பத்தொரு வருடம் மற்றவர்களை எண்ணியவன், எந்த எண்ணிக்கையிலும் சேராமல் கடைசி பெஞ்சில் இருக்கிறேன்.

செந்திலுக்கு வடமதுரையில் காது குத்தியபோது, பந்தியில் உட்கார்ந்தவர்களை நான் இப்படித்தான் விரல் நீட்டி எண்ணினேன். கனகம் வேகமாக வந்து கையைத் தட்டிவிட்டாள். "என்னங்க, சோத்துல உக்காந்த ஆளையா எண்ணுவாக? கண்ணு பட்டுரும். இலையை எண்ணுங்க." செம்பட்டியில் அவள் அப்பா சோளம் அளக்கும்போதுகூட ஒன்று என்று ஆரம்பிக்க மாட்டார். அவள் வார்த்தை எனக்கு இந்த ஊர் ஜெபாலயத்தில் வந்து உறைத்தது.

சாமுவேல் ஒவ்வொருவருக்காகப் போன் செய்தார். இரண்டு பேர் குளிருக்குப் பயந்து ஃபுளோரிடா போயிருந்தார்கள். ஒருவர் ஆஸ்பத்திரியில். ஒருவருக்குக் கார் கிளம்பவில்லை. வந்திருந்தவர்களில் ஒருவர் ஏழு மணிக்குப் போயாக வேண்டும், மகள் வந்து கூட்டிப்போவாள். அவர் போனால் எட்டு. மணி ஆறரை ஆகப்போகிறது.

மோரிஸ் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம கட்டடத்துல கேக்கலாமே," என்றேன்.

"நம்ம கட்டடத்துல பெட்டி வச்ச கதவு பத்து. அதுல ஆறு விதவைக. மிச்சம் நாலு பேரும் இங்கதான் இருக்கோம்."

"பதினொண்ணு."

"பத்துங்க. நாப்பது வருசமா அங்க இருக்கேன்."

"பதினொண்ணு. ஏழாவது மாடி, கிழக்குக் கோடி, இடது கைப் பக்கம்."

மோரிஸ் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் தொப்பிக்கு மேல் குல்லாயைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

6

கதவைத் திறந்தவனுக்கு நாற்பது வயது இருக்கும். அரைக்கால் சட்டை, காதில் கம்பியில்லாத இயர்போன். உள்ளே கம்ப்யூட்டரில் நாலைந்து முகங்கள் பேசிக்கொண்டிருந்தன.

"எதிர்ல ஜெபாலயத்துல ஒரு ஆள் குறையுது. ஏழு மணிக்குள்ள வேணும். வர முடியுமா?"

"நீங்க யாரு? யூதரா?"

"இல்லை. திண்டுக்கல்."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நிலையில் இருந்த பெட்டியைக் காட்டினேன். அவன் அதை அன்றுதான் பார்ப்பவன் போலப் பார்த்தான்.

"அது முந்தி இருந்தவங்க விட்டுட்டுப் போனது. என்னுது இல்லை."

மன்னிக்கச் சொல்லித் திரும்பினேன். பத்து என்று மோரிஸ் சொன்னதுதான் சரி. பதினொன்று என் கணக்குப் பிழை.

"யாருக்காக?" என்று பின்னாலிருந்து கேட்டான்.

"ரெண்டாவது மாடி மோரிஸ். அவர் சம்சாரத்துக்கு இன்னைக்கு நாள்."

அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "எங்கம்மா யூதச்சிதான்," என்றான். "ஆனா நான் அதெல்லாம் விட்டுட்டேன். எனக்கு நம்பிக்கை கிடையாது. ஒரு ஜெபமும் தெரியாது."

"நம்பிக்கை இருக்கான்னு அங்க யாரும் கேக்கல. நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். ஆள் வேணும்னுதான் கேக்குறாக. அம்மா யூதர்னா பிள்ளை யூதராம், அது போதுமாம். சும்மா நின்னா போதும்."

"உங்களுக்கு எப்படி இம்புட்டு விவரம் தெரியும்?"

"என்னைய வேணாம்னுட்டாக," என்றேன்.

அவன் சிரித்துவிட்டான். உள்ளே போய்க் கம்ப்யூட்டரிடம் ஏதோ சொல்லிவிட்டு, அரைக்கால் சட்டைக்கு மேலேயே ஒரு பேண்ட்டை மாட்டிக்கொண்டு வந்தான். தெருவைக் கடக்கும்போது நான் வழுக்கினேன். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். எதிர்ப்பக்கம் வரும்வரை விடவில்லை.

கூடத்துக்குள் நுழைந்ததும் சாமுவேல் ஒரே கேள்விதான் கேட்டார். "அம்மா?" அவன் தலையசைத்தான். சாமுவேல் விரல் நீட்டாமல், ஒவ்வொரு தலையாகப் பார்த்தபடி ஒரு வாக்கியத்தை மெதுவாகச் சொன்னார். கடைசி வார்த்தை அவன்மேல் போய் விழுந்தது. ஏழு மணிக்குப் போக வேண்டியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

7

மோரிஸ் எழுந்து நின்று கதீஷ் சொன்னார். அவர்களுடைய பழைய மொழி, எனக்கு ஒரு சொல் தெரியாது. அதில் சாவு என்ற வார்த்தையே இல்லை என்று முன்பே சொல்லியிருந்தார். எஸ்தரின் பெயர்கூட வராது. ஆண்டவனின் பெயர் பெரிதாகட்டும் என்பது மட்டும்தான். செத்தவளுக்காக ஆண்டவனையா புகழ்வீர்கள் என்று அன்று கேட்டிருந்தேன். "அந்த நேரத்துல அவன் மேல கோவம் இருக்கும்ல, அதனாலதான் சொல்லச் சொல்லி வச்சிருக்கான்," என்றார். இடையிடையே மற்ற ஒன்பது பேரும் ஆமென் என்றார்கள். அந்த ஒன்பது பேரும் அதைச் சொல்லத்தான் வேண்டும். சொல்கிறவனுக்குப் பதில் வர வேண்டும், அதற்குத்தான் பத்து. ஏழாம் மாடிக்காரன் முதல் ஆமெனைப் பிந்திச் சொன்னான். இரண்டாவதை எல்லோரோடும் சேர்ந்து சொன்னான். நான் கடைசி பெஞ்சில் உதட்டை மட்டும் அசைத்தேன்.

முடிந்ததும் சின்னக் கிளாஸ்களில் விஸ்கி ஊற்றினார்கள், கேக் வெட்டினார்கள். இறந்தவளின் உயிர் மேலே ஏறட்டும் என்று குடிக்கிறார்கள். சாமுவேல் எனக்கும் ஒன்று நீட்டினார். "குடிக்கிறதுக்கு உங்களையும் சேத்துக்குவோம்," என்றார். எச்சில் துப்பிய கிழவர்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார்.

திரும்பி வரும்போது மோரிஸ் என் கையைப் பிடித்திருந்தார். பனி நின்றிருந்தது.

"உங்க வீட்டம்மாவுக்கு வெள்ளிக்கிழமைதான? மகன் வர்றாரா?"

"தெரியல. நான் சொல்லல."

"ஏன்?"

"நெனவு வச்சிருக்கானான்னு பாக்குறேன்."

மோரிஸ் நின்றுவிட்டார். தெரு நடுவில் நின்றுவிட்டார். "நீங்க என்ன ஸ்கூல் இன்ஸ்பெக்டரா? பெத்த அம்மா விசயத்துல பிள்ளைக்குப் பரீச்சை வைக்கிறீங்க! மொதல்ல வந்த எட்டுப் பேரும் தானா நெனச்சு வந்தாங்கன்னு நெனச்சீங்களா? சனிக்கிழமை நட்சத்திரம் தெரிஞ்சதுலருந்து ஒவ்வொருத்தனா போன் போட்டுக் கேட்டேன். அதுல நாலு பேரை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. கேட்டேன். கேக்கத்தான் வேணும்."

"மகன்ட்ட போயி எப்படிக் கேக்குறது? அவனாத் தெரிய வேணாமா?"

"என் சம்சாரத்துக்காக ஏழு மாடி ஏறி, முன்னப்பின்ன தெரியாதவன் கதவைத் தட்டுனீங்க. உங்க சம்சாரத்துக்காக ஒரு பட்டனை அமுக்க முடியாதா?" என்றவர், நடக்கத் தொடங்கியதும் தணிந்த குரலில் கேட்டார். "உங்க முறைக்கு எத்தனை பேர் வேணும்?"

"ஒருத்தன் போதும். மகன்."

"பத்துப் பேரைக் கூடத் திரட்டிறலாம், அந்த ஒருத்தன்தான் கஷ்டம்," என்றார் மோரிஸ்.

8

மறுநாள் காலையில், அவன் வேலைக்குக் கிளம்புகிற நேரம் பார்த்துப் போன் செய்தேன். நான் எப்போதும் கூப்பிடுவதில்லை. அவன் குரல் பதறியது.

"அப்பா? என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. வெள்ளிக்கிழமை ஒரு ஆள் வேணும்."

"எதுக்கு? ஏதும் தூக்கணுமா?"

"தூக்க ஒண்ணும் இல்லை, அப்பு. அம்மாவுக்குத் திதி. இலை போடணும். நீ இல்லாம போட முடியாது."

மறுமுனையில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இணைப்பு போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இருந்தது.

"அம்மாவுக்கு அடுத்த வாரம் புதன்கிழமைல்லப்பா?" என்றான். "போன்ல போட்டு வச்சிருக்கேன். நீங்க இந்தத் தடவை ஒண்ணுமே சொல்லலையா, சரி, நாமளே பாத்துக்குவோம்னு அன்னைக்கு லீவு கேட்டு வாங்கிட்டேன். பிள்ளைகளையும் கூட்டிட்டு வரலாம்னு..."

அவன் வைத்திருந்தது ஆங்கிலத் தேதி. நிலாவைப் பார்க்காத தேதி. முப்பத்தொரு வருடத்தில் நான் எத்தனையோ ஆட்களுக்கு ஆப்சென்ட் போட்டிருக்கிறேன். ஆள் வேறு வாசலில் வந்து நிற்பான் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

"அது தேதி, அப்பு. திதி வெள்ளிக்கிழமை வருது," என்றேன்.

மறுபடி பேச்சில்லை. மோரிஸ் குட்டை முக்காலியில் உட்கார்ந்திருந்த அரை மணி நேரம் நினைவுக்கு வந்தது. துக்கப்பட்டவன் முதலில் பேசட்டும் என்று இந்த முறை நான் காத்திருந்தேன்.

"லீவை மாத்த முடியுமான்னு பாக்குறேன்," என்றான் செந்தில். பிறகு, "முடியாட்டியும் வாரேன். எத்தனை மணிக்குப்பா?"

வெள்ளிக்கிழமை சப்தமி எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு முடிவு, ஊர்க் காலண்டரிலிருந்து பத்தரை மணி நேரத்தைக் கழித்து இந்த ஊர்க் கணக்கில் எப்போது ராகுகாலம், எல்லாவற்றையும் போன வாரமே குறித்து வைத்திருந்தேன். காகிதம் என் முன்னால்தான் இருந்தது.

"நீ வந்த பெறகு," என்றேன்.